சூலத்தில் மாட்டிய கண்ணாடி

தம்பி, நீ போனை வைத்த பிறகும் நான் சிக்னல் கிடைக்கும் அந்தப் பாறையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "நான் சொன்னப்போ மாட்டேன்னு சண்ட போட்டீங்க. இப்போ யாரக் கேட்டு நீங்களும் அத்தையும் போய் கண்ணுல ஆபரேஷன் பண்ணிக்கினு வந்தீங்க?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, என் பதில் வருவதற்குள் கம்பெனி வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். வண்டி வந்ததோ, கோபம் வந்ததோ. இது பாறையில் நின்று கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் வலது பக்கத்தில் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, இடது கண்ணால் மட்டும் பார்த்து எழுதுகிறேன். ஏன் அப்படி என்பது படித்துக்கொண்டே வந்தால் உனக்கே விளங்கும்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஒன்றாம் வகுப்பில் எழுதிவிட்டு வந்த சிலேட்டை அழிக்காமல் வாங்கி, உன் எழுத்துக்குக் கீழே என் எழுத்தை எழுதிப் பழகினேன். நீ தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, 'ழ' இன்னும் வால் நீளமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அந்த எழுத்தை வைத்துத்தான் வீட்டுக் கணக்கும் கோயில் சாமைக் கணக்கும் மகளிர் குழுக் கணக்கும் என் கைக்கு வந்தன. நாற்பது தாண்டியதும் நோட்டைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கவேண்டி வந்தது. புதூர்நாட்டில் கண் முகாம் போட்டபோது இந்தக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் கோயிலில் காளியம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுப் புத்தகம் வாசிக்கும்போது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருக்கும். கற்பூரப் புகையில் கண்ணாடி மங்கிவிடும். அதைக் கழற்றித் துடைப்பதற்குள் பாட்டு நின்றுவிடும். "தாயே, கண்ணாடி இல்லாமல் உன் பாட்டை நான் படிக்கவேண்டும்" என்று வேண்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டு வந்தேன்.

கிடைத்ததே, தம்பி. அதுதான் கதை. முந்தின வருஷம் ஆடியில் ஒரு காலை, காலண்டர் தாளைக் கிழிக்கப் போனவள் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டேன். படித்து முடித்த பிறகுதான் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன், தெரிந்தது. மருந்துச் சீட்டை எடுத்தேன், தெரிந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டு அழுதேன். அவர் பாவம், யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார். கண்ணுக்கு வேண்டிக்கொண்டவர்கள் செய்கிறபடி திருப்பத்தூரில் வெள்ளிக் கண்மலர் வாங்கிவந்து ஆத்தாளுக்குச் சாத்தினேன். அதோடு விட்டேனா? கண்ணாடியைக் கயிறு கட்டி, கோயில் கொட்டகைக்கு முன்னால் நட்டிருக்கிற பெரிய சூலத்தில், ஊரே பார்க்கும்படி மாட்டினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் அதற்கும் சேர்த்துக் குங்குமம் வைத்தார்கள்.

அன்றைக்கு உன் அத்தை கீழே கண்ணாஸ்பத்திரிக்குப் போவதற்குத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருப்பது ஒரே கண். சின்ன வயதில் புளி உலுக்கும்போது குச்சி பாய்ந்து மற்றது போய்விட்டது. இருக்கிற கண்ணில் புரை என்று முகாமில் சொல்லி, மறுநாள் வேனில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கண்மலர் சாத்திவிட்டுக் குதித்துக்கொண்டு வந்ததைக் கேட்டதும், மடித்து வைத்த சேலையை வெளியே எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, கணக்கு எழுதறவ, அவளுக்கே ஆத்தா கண்ணத் தந்துட்டா. எனக்கு மட்டும் எதுக்குக் கத்தி?" என்றாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து விளக்குப் போடுகிறேன் என்றேன். அப்போது எனக்கு அது அன்பாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு இந்த மலையில் பனி விலகவே இல்லை. நானும் அத்தையும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். காலையில் வாசலில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்த்து, "இன்னாம்மே, மாசி போயும் பனி இவ்ளோ கொட்டுது" என்பாள் அவள். "ஆமாங்க அண்ணி, மரமே தெரியல" என்பேன் நான். உன் அப்பா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "எனக்கு நல்லாத்தான தெரியுது" என்றார். "உனக்கு இன்னாடா தெரியும்" என்று அவர் அக்கா அவரை வாயடைத்துவிட்டாள். சித்திரை வெயிலில் சாமைக் கொல்லை வெடித்துக் கிடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் பனி பனி என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறோம். நீ பொங்கலுக்கு வந்தபோது ஜீப்பிலிருந்து இறங்கிய எவனோ ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் "இளைச்சிட்டியே" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ பின்னாலிருந்து, "அம்மா, நான் இங்க கீறேன்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தனியாக நின்றபோதுதான் உறைத்தது. பெற்ற பிள்ளையின் நடையை, கொஞ்ச தூரத்தில், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதையும் பனியின் கணக்கில்தான் எழுதினேன்.

அத்தைக்கு அதைவிட மோசம். துணி காயும் கொடியைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ரசத்தைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றிவிட்டு, கிண்ணத்தை யார் நகர்த்தியது என்று கேட்பாள். கறுப்பாக இருக்கவேண்டிய கண் பாப்பா, பச்சரிசி நிறமாக வெளுத்துவிட்டது. அடுத்த முகாம் வந்தபோது, சும்மா காட்டிவிட்டு வருவோம் என்று அவளை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்னப் பெண். அத்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தாள். புரை நன்றாக முற்றிவிட்டது, இனிமேல் அது உள்ளேயே ஊதி, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும், அப்படி ஏறினால் பின்னால் இருக்கிற நரம்பு கெட்டுவிடும், நரம்பு போனால் எந்த ஆபரேஷனாலும் பார்வையைத் திருப்பித் தரமுடியாது என்றாள். முற்றட்டும் என்று காத்திருப்பது அந்தக் காலத்துப் பேச்சாம். முற்ற முற்றத்தான் எடுப்பதும் கஷ்டமாம். சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குக் கிட்ட நல்லாத் தெரியுதா? கண்ணாடி இல்லாம படிக்க முடியுதா? தூரம் மட்டும் புகை மாதிரி இருக்குதா?" என்று குறி சொல்கிறவள் போலக் கேட்டாள். ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். உட்காரச் சொல்லி என் கண்ணையும் பார்த்தாள்.

அவள் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் உனக்குச் சொல்கிறேன். புரை என்பது கண்ணுக்கு மேலே படர்கிற சவ்வு இல்லை. கண்ணுக்குள்ளே, பாப்பாவுக்குப் பின்னால், இளம் நுங்கு போல ஒரு லென்ஸ் இருக்கிறது. நுங்கு இளசாக இருக்கும்போது அதன் வழியாக விரலைக் கூடப் பார்க்கலாம். நாளானால் கெட்டிப்பட்டு வெளுத்துவிடும். வயது ஏறினால் கண்ணுக்குள்ளும் அப்படித்தான். எனக்கு நடுவிலிருந்து கெட்டிப்பட்டது. அப்படிக் கெட்டிப்படும்போது அது வெளிச்சத்தை முன்னைவிட அதிகமாக வளைக்குமாம். அதனால் கொஞ்ச காலத்துக்குக் கிட்டே இருப்பது கண்ணாடி இல்லாமலே தெளியும், தூரம் மங்கும், பிறகு கிட்டேயும் மங்கிவிடும். "ஆத்தா குடுத்தத நோவுன்றியாம்மா?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஆத்தாளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. லென்ஸப் பத்திதான் சொல்றேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உனக்கு போன் செய்தேன். நீ என் பக்கம் பேசுவாய் என்று நினைத்தேன். "டாக்டர் சொல்றதுதாம்மா சரி. அது சாமி இல்ல, புரை. இத்தன வருசம் படிச்சு இன்னா பிரயோஜனம்?" என்றாய். நீ சொன்னது சரி. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை நீ சொல்லியிருக்க வேண்டாம். சிலேட்டில் என் 'ழ'வுக்கு வால் நீட்டச் சொன்ன பிள்ளை அதைச் சொல்லும்போது வலித்தது. பல நாள் பாறைப் பக்கமே நான் போகவில்லை. நாளைக்கு உன் பெண்டாட்டியிடமோ பிள்ளையிடமோ ஒரு சரியான விஷயத்தைச் சொல்லவேண்டி வரும். அப்போது, சரியாகச் சொல்கிறோம் என்ற தெம்பில் கூட ஒரு கல்லையும் சேர்த்து வைத்துச் சொல்லிவிடாதே. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை. முகாமிலிருந்து வந்த அன்று நானும் அத்தையிடம் அப்படித்தான் கத்தினேன். ஆத்தா மேல பாரத்தப் போட்டுட்டு உட்காராதீங்க என்று நானே சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்ததும் அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இருக்கறது ஒண்ணு. அத்தயும் கத்திக்குக் குடுத்துட்டு, போச்சுன்னா நான் எத்த வெச்சிக்கினு இருப்பேன்?" என்று கேட்டாள். எனக்கு இரண்டு கண் இருந்தது. ஒன்றை அவளுக்கு முன்னால் கத்திக்குக் கொடுக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது. அவ்வளவு சின்னப் புத்திதான். பயமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு உன் அப்பா கூட வந்தார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டு விட்டுப் பாப்பாவை விரிய வைத்தார்கள். கண்ணோரத்தில் ஒரு ஊசி. அது மட்டும்தான் வலி, அதுவும் எறும்பு கடித்த மாதிரி. முகத்தைத் துணியால் மூடி ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். உள்ளே வெளிச்சமும் நிறங்களும் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி அசைந்தன. யாரோ மெல்ல அழுத்துகிற மாதிரி இருந்ததே தவிர வலிக்கவில்லை. நான் காளியம்மா காளியம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "தாடை ஆடுதும்மா, மனசுக்குள்ள சொல்லுங்க, அவங்களுக்குக் கேக்கும்" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். கெட்டிப்பட்ட லென்ஸை எடுத்துவிட்டு, அதே இடத்தில் செயற்கை லென்ஸை வைத்தார்கள். உலை கொதிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கட்டுப் போட்டு, மறுநாள் காலையில் அவிழ்த்தார்கள்.

அவிழ்த்ததும் நான் பார்த்தது கட்டிலின் விரிப்பு. அவ்வளவு வெள்ளை. நர்ஸின் காதில் மல்லிகை மொட்டு மாதிரி ஒரு தோடு. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தேன். விரிப்பு மஞ்சள் தண்ணீரில் முக்கிய மாதிரி இருந்தது. மாறி மாறி மூடித் திறந்து பார்த்தேன். இத்தனை நாள் உலகத்தையே மஞ்சளில் நனைத்துத்தான் பார்த்திருக்கிறேன். போன ஆடிக்கு நான் பச்சை என்று எடுத்துச் சாத்திய சேலை நீலம் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. பூசாரிக்கு அன்றைக்கே தெரியுமாம். "நீங்க பச்சன்னு சொன்னீங்க, ஆத்தாளும் ஒண்ணும் சொல்லல, நான் எதுக்குச் சொல்லணும்" என்றார்.

ஆனால் காலண்டரின் பொடி எழுத்தை அந்தக் கண்ணால் படிக்கமுடியவில்லை. வைத்த லென்ஸ் தூரத்துக்கானது, கிட்டே பார்க்கக் கண்ணாடி போடவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆத்தா கொடுத்தது என்று நான் கொண்டாடியது இடது கண்ணிலிருந்து போய்விட்டது. வலது கண்ணில் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதிலும் எழுத்துக்கு நிழல் விழ ஆரம்பித்துவிட்டது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அடுப்பை ஊதக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். உன் அப்பா கிண்டிய களியைச் சாப்பிட்டுக்கொண்டு, எதிர் மலையில் மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி எங்கேயும் இல்லை.

நான் நன்றாகிவிட்டதைப் பார்த்து அத்தை வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அவ்வளவு சுலபமா? "நீ பார்க்கறன்னு நீ சொல்ற. சூலத்துல உன் கண்ணாடி இன்னும் தொங்குதாம். ஊரு அத்தத்தான பார்க்குது. ஆத்தா குடுத்தான்னு மாட்டினதும் நீதான், டாக்டரு குடுத்தான்னு சொல்றதும் நீதான். நான் எத்த நம்பறது? போய் எடுத்து மூஞ்சில மாட்டிக்கினு வா, நான் வர்றேன்" என்றாள்.

தம்பி, கத்திக்குக் கண்ணைக் கொடுத்ததைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொடுத்த காணிக்கையைத் திருப்பி எடுப்பது என்பது நம் வீட்டில் யாரும் செய்ததில்லை. பூசாரியிடம் போய்ச் சொன்னேன். பூக் கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து, ஆத்தாள் காலடியில் வைத்தார். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. குழுப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். நான் கையை நீட்டினேன். நீட்டிய பிறகு நினைத்தேன்: சிவப்பு வந்துவிட்டால்? ஆத்தா வேண்டாம் என்றாள் என்று போய் அண்ணியிடம் சொல்லிவிட்டு, அவள் ஒற்றைக் கண் அணைவதைப் பார்த்துக்கொண்டு விளக்குப் போடுவேனா? இது ஆத்தாளிடம் கேட்கவேண்டிய கேள்வியே இல்லை. கையை இழுத்துக்கொண்டேன். "பூ வேணாங்க. அவ என்னக் கோச்சிக்கினா நான் வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் சூலத்திலிருந்து கண்ணாடியை அவிழ்த்தேன். எனக்குப் புரை, அதனால்தான் கிட்டே தெரிந்தது, அதை நான் வரம் என்று சொல்லிவிட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். கண்மலரைத் தொடவில்லை. அது அவளுடையது.

குங்குமமும் எண்ணெயும் படிந்து கிடந்த கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, வலது கண்ணைக் கையால் மூடினேன். இடது கண்ணுக்கு எழுத்து துல்லியமாக நின்றது. கண்ணாடி திரும்ப வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாத காலத்தில், ஆத்தாள் வெயிலிலும் மழையிலும் அதை எனக்காகத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ இதைப் படித்துச் சிரிப்பாய். சிரி. டாக்டரும் பிறகு அளந்து பார்த்துவிட்டு, இந்தப் பவர் கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கிறது, அடுத்த கண் முடிகிற வரைக்கும் இதையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வலது கண்ணுக்கு அது ஒத்துப்போகாமல் குழப்பியதால்தான் காலண்டர் தாளை ஒட்டினேன்.

வீட்டுக்குப் போய் அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் இரண்டு கையாலும் என் முகத்தைத் தடவி, கண்ணாடியின் காதுவரைக்கும் தொட்டுப் பார்த்தாள். எழுந்து கொடியைப் பிடித்து நடந்து போய்ச் சேலையை எடுத்துப் பையில் வைத்தாள்.

அவளுடைய ஆபரேஷனுக்கு எனக்கு ஆனதைவிட அதிக நேரம் பிடித்தது. ஒற்றைக் கண், முற்றின புரை, முயற்சி செய்கிறோம், எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்லமுடியாது என்று பெரிய டாக்டர் எங்களிடம் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிட்டார். உன் அப்பா பேனாவை என் பக்கம் தள்ளினார். நான்தான் போட்டேன். அன்றைக்கு முழுக்க நான் வேண்டுதல் எதுவும் வைக்கவில்லை, தம்பி. இது கிடைத்தால் அது தருகிறேன் என்று பேச வாய் வரவில்லை. கூட இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். அத்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, திறக்கமாட்டேன் என்றாள். "தொறங்க அண்ணி" என்றேன். மெதுவாகத் திறந்தாள். என்னையே பார்த்தாள்.

"இன்னாம்மே இது, மூஞ்சில காலண்டர ஒட்டிக்கினு கீற?" என்றாள்.

உன் அப்பா அழுதார். நான் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு முழுப் பார்வை வரவில்லை. காத்திருந்த காலத்துக்கு ஏதோ கொஞ்சம் போய்விட்டது. ஆனால் ஆள் தெரிகிறது, வழி தெரிகிறது, கிண்ணம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது கோயிலுக்கு முன்னால் நின்றாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சூலத்தை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாவே எடுத்துட்டியா" என்றாள். என் முகத்தைத் தடவிப் பார்த்தும்கூட அவள் முழுசாக நம்பியிருக்கவில்லை. நம்பாமலே என் பின்னால் வந்திருக்கிறாள்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் இதுதான். யாரைக் கேட்டும் போகவில்லை. அவள் வரவேண்டும் என்று நான் போனேன், நான் போனேன் என்று அவள் வந்தாள். எனக்கு வலது கண் அடுத்த மாதம். அதற்கு நீ வரவேண்டும். லீவு சொல்லிவிட்டு வா. கத்துவதற்கு இல்லை, சொட்டு மருந்து விடுவதற்கு. உன் அப்பா விடும்போது பாதி கன்னத்தில் ஓடுகிறது. வலது கண்ணில் மிச்சம் இருக்கிற அந்தக் கிட்டப் பார்வையும் அன்றோடு போய்விடும். போகட்டும். நீ ஜீப்பிலிருந்து இறங்கி வருவதை வாசலில் இருந்தபடியே நான் பார்க்கவேண்டும்.

வெளியே உன் அத்தை ஆத்தாளுக்கு விளக்கு வைக்கக் கூப்பிடுகிறாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். அங்கே ஆத்தாள் முகத்தைப் பார்க்க எனக்கு அது வேண்டியதில்லை.